கிளி ஏந்திய வேர்

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சராகச் சேர்ந்தது அறுபதுகளின் தொடக்கத்தில். அங்கே டிராயிங் மாஸ்டரைக் 'குப்பை வாத்தியார்' என்பார்கள். காட்டில் கிடந்த வேர், சுண்ணாம்புக்கல், பனங்கொட்டை எல்லாம் அவர் மேசையில் பிள்ளையாராகவும் மயிலாகவும் உட்கார்ந்திருக்கும். வேதக்கார வீட்டுப் பெண், அதாவது கிறிஸ்தவப் பெண், என்பதால் "இது என்ன சாமி?" என்று நான் கேட்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தெரிந்த சாமியைக்கூடத் தெரியாதவள்போல் கேட்பேன். அவர் பேச்சைக் கேட்க எனக்கு வேறு வழி?

ஓர் ஆடி மாதம் முழங்கால் உயரத்துக்கு ஒரு பெண்ணுருவம் செய்தார். கருவேல வேரில் உடம்பு, பனைநாரில் கூந்தல். இடக்கையில் ஒரு கிளி, ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குக் கட்டுவார்களே, அதுபோல் இலையில் கட்டியது.

"கிளி எதுக்கு சார்?"

"தூது போகத்தான். பிசின் காயட்டும் டீச்சர், திங்கக்கிழம உங்ககிட்ட தாரேன்."

யாருக்குத் தூது என்று நான் கேட்கவில்லை. அந்தச் சனியும் ஞாயிறும் திங்கட்கிழமையை எண்ணியே கழிந்தன.

பள்ளிக்கு வெளியே வேப்பமர நிழலில் அதைக் காயவைத்துப் போயிருந்தார். பட்டாசுக் கம்பெனி லாரிக்குப் பெண்கள் காத்து நிற்கும் இடம் அது. ஆடி மாதம், வேம்படி, கையில் கிளியோடு ஒருத்தி. சும்மா விடுவார்களா? திங்கட்கிழமை நாங்கள் வந்து பார்த்தால் மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி. வெடிமருந்தில் கைவைத்துப் பிழைக்கிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அவர் குனிந்து தூக்கப் போனார்.

"சாமிய எங்க தூக்குறீக வாத்தியாரே?" என்றாள் ஒருத்தி.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். 'இது டீச்சருக்குச் செஞ்சது என்று சொல்லிவிடட்டுமா?' அந்தப் பார்வை எனக்கு நன்றாகவே புரிந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"கும்பிட வந்தேன் தாயி" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

அடுத்த வருஷம் அவருக்கு விருதுநகர்ப் பக்கம் மாற்றலானது. ஒரே பஸ்ஸில் போய்விடலாம். நான் போகவில்லை, அவரும் வரவில்லை. கிளி காய்ந்து உதிர்ந்துவிட்டது. வேறு யாரையும் கட்டிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சில வருஷம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, அந்த வேம்படியில் ஒரு பெண் என்னிடம் எலுமிச்சம்பழம் நீட்டினாள்.

"நீங்களும் வச்சுப் பாருங்க டீச்சர். இந்த ஆத்தா எம்புட்டுப் பேருக்குக் கல்யாணம் கூட்டி வச்சிருக்கா!"

"நான் வேதக்காரிம்மா."

"அதுக்கென்ன? அவ யாரு எவருன்னு பாக்க மாட்டா."

பழத்தை வாங்கினேன். கிளி இருந்த அந்தக் கையில் வைக்கப் போனேன்.

"ஐயோ, தொட்டுராதீக டீச்சர்! கீழ வைங்க."

கீழே வைத்தேன். எனக்கென்று செய்ததை நான் இன்றுவரை தொட்டதில்லை.