மீசையில்லாத ராஜா

இல்ல புள்ள, காதல் கீதல் ஒண்ணுமில்ல. மேல் லயத்துக்காரி சொன்னத நம்பாத. பயலுக எம் பேத்தியத் தேடி வாசலுக்கு வாறது நெசந்தான். ஆனா எதுக்கு வாறானுகன்னு அவளுக்கு என்னா தெரியும்? உக்காரு, சொல்றேன். அந்த மொறத்த இப்படித் தள்ளு, அரிசியப் பொறுக்கிக்கிட்டே பேசுவோம்.

ஞாயித்துக்கெழமயில பழைய புள்ளமடுவத்துல, முன்னெல்லாம் கொழுந்தெடுக்கப் போகயில கைப்புள்ளைகள விட்டுட்டுப் போவோமே அங்க, பயலுக கூடி ஒரு வெளையாட்டு வெளையாடுறானுகல்ல? ஃபோன்ல இல்ல, வாயாலயே. பஜார்ல ஃபோன் கடை வச்சிருக்காரே மாத்தயா, அவரு மகன்தான் கத சொல்றவன். சிங்களப் பையன், ஆனா தமிழ் நம்மள விட நல்லாப் பேசுவான். மத்தவனுக ஆளுக்கொரு வேசம். ஒருத்தன் திருடன், ஒருத்தன் மந்திரவாதி. "முன்னால காடு, பேய் வருது, நீ என்னா செய்யற?"ன்னு அவன் கேப்பான். வேசக்காரன் பதில் சொல்லிட்டுப் பகடைய உருட்டணும். நல்லா விழுந்தா தப்பிச்சான், இல்லாட்டி செத்தான். காடும் கெடையாது பேயும் கெடையாது, ஆனா தொண்ட கிழியக் கத்துவானுக.

எம் பேத்தி அதே ஃபோன் கடையிலதான வேல செய்யறா? அவளுக்கும் அதுல சேரணும்னு உசிரு. "வாங்க அக்கா"ன்னு சேத்துக்கிட்டானுக. சேத்து என்னா வேசம் குடுத்தானுக தெரியுமா? இளவரசி! கோட்டைக்குள்ள அடச்சுப் போட்ட இளவரசியாம். இவனுக போயி மீட்டுக்கிட்டு வாற வரைக்கும் அவ பேசக்கூடாது, பகடையத் தொடக்கூடாது. இவனுக எங்க வந்து சேந்தானுக? வழியிலயே செத்துச் செத்து விழுந்தானுக. அன்னிக்குப் பூரா கன்னத்துல கை வச்சு உக்காந்திருந்துட்டு வந்து, சோறு வேணான்னுட்டா. "பாட்டி, நான் போனாலும் போகாட்டியும் அவனுகளுக்கு ஒண்ணுதான்"ன்னா. அடுத்த வாரம் நானே போயிப் பாக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அடுத்த ஞாயித்துக்கெழம நல்ல மழை. கொடைய எடுத்துக்கிட்டு மடுவத்துக்குப் போறேன், வாசல்லயே சிரிப்புக் கேக்குது. ராஜா வேசம் வேணும்னு கேட்டிருக்கா இவ. லொறி ட்ரைவர் மகன் இருக்கானே, அவன் சொல்றான், "மீசைக்கு எங்க அக்கா போவீங்க?"

நான் கொடைய மடக்கிக்கிட்டு உள்ள போயிட்டேன். "ஏன்டா, காமன் கூத்துல உங்கப்பன் என்னா வேசம்டா கட்றான்?"

முழிச்சான். "பொம்பள வேசந்தான் பாட்டி."

"போன மாசியில எம் மருமக ஜாக்கெட்ட வாங்கிட்டுப் போனானே, இன்னும் திருப்பித் தரல. உனக்குக் கொண்டை இருக்கான்னு அவன யாராச்சும் கேட்டோமா?"

பயலுக உருண்டு பொரண்டு சிரிச்சானுக. நீ அப்ப இந்தத் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வரல, எங்க வீட்டுக்காரரு பொம்பள வேசம் கட்டி நீ பாத்ததில்ல. என் கூறைச்சேலையத்தான் கட்டுவாரு. கொசுவம் வச்சு விடறது நானு. இடுப்ப ஒடிச்சு நடந்தாருன்னா பொம்பளைங்களே வாயத் தொறந்துக்கிட்டு நிப்பாங்க. ஆனா ஓரத்துலதான் நிப்போம், கூத்துக்குள்ள நமக்கு எங்க எடம்? சரி, அத விடு, எங்கயோ போயிட்டேன்.

கத சொல்ற பையன் சொன்னான், "ஹரி ஆச்சி, சரி, அக்காவே ராஜா. ஆனா மொத எடத்துலயே செத்தா திரும்பவும் இளவரசிதான்." இவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. என்னமோ நெசமாவே சாகப் போறவ மாதிரி.

ஒரு பாலமாம், அதுல ஒரு பூதமாம். பயலுக சண்டைக்குக் கெளம்பிட்டானுக. இவ கையக் காட்டி நிறுத்திட்டு எந்திரிச்சா. "எவன்டா அவன்? எம் பாலத்துல நின்னுக்கிட்டு என்னையவே மறிக்கிறவன்? வெலகுடா!"ன்னா பாரு! அடியே, எனக்கு ஒடம்பு சிலுத்துப் போச்சு. எங்க வீட்டுக்காரரோட கூத்துத் தொண்டை புள்ள அது! இத்தினி ஒடம்புல எங்க இருந்துச்சோ. பூதமாப் பேசின அந்தக் கத சொல்ற பையன் செவுரோட செவுரா ஒட்டிக்கிட்டான். "பகடை வேணாம் அக்கே, பூதம் ஓடிருச்சு"ன்னுட்டான்.

அந்த ட்ரைவர் மகன் கேக்கறான், "ராஜா, இப்ப எந்தப் பக்கம் போறோம்?" கிண்டலுக்கு இல்ல புள்ள. நெசமாவே கேட்டான்.

இப்பக் கீழ் லயத்துப் புள்ளைக ரெண்டும் சேந்துருச்சு. ஒருத்தி கொள்ளைக்காரியாம்! இளவரசி யாருன்னு கேளேன். அந்த ட்ரைவர் மகன்தான், அவனே கேட்டு வாங்கிக்கிட்டான். கோட்டைக்குள்ள சும்மா கெடக்க மாட்டேன், எனக்கும் பகடை வேணும்னு இப்ப அவன் சண்டை.

மடுவத்துக் கூரை ஒழுகுதுன்னு நம்ம வீட்டுலதான் வெளையாடுறாங்க. மேல் லயத்துக்காரி அதப் பாத்துட்டுத்தான்... இரு, இரு, யாரோ கூப்புடறாங்க. கேட்டியா? "ஆச்சி, ரஜ்ஜுருவோ இன்னவாத?"ன்றான் அந்த ஃபோன் கடைப் பையன். ராஜா இருக்காரான்னு கேக்கறான் புள்ள, எம் பேத்தியத்தான்! உள்ள வா மகன், வா, ராஜா தல சீவிக்கிட்டு இருக்காரு! இந்தா புள்ள, மொறத்தப் புடி, நான் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கணும், இத்தன பேருக்கும் சீனி பத்துமோ என்னமோ...