பங்குனி வரை நிற்காத நிறுவனம்

1985 பங்குனி: யாழ்ப்பாணத்தில் மாமியார் காலமானார்.
1985 ஆவணி: என் வேலையின் பேரில், மனைவி சுவிஸ் வருவதற்கு அனுமதி கிடைத்தது.
1986 தை: நான் வேலை செய்த நிறுவனத்தின் சோலோதுர்ன் கிளை மூடப்பட்டது.
1986 மாசி: அனுமதி இரத்தாயிற்று.
1987 ஐப்பசி: மனைவி காலமானாள்.

நிறுவனம் ஜெர்மனியைச் சேர்ந்தது. மின்விளக்கில் தொடங்கி, மின்மாற்றி, சலவை இயந்திரம் என்று வளர்ந்தது. வேலைக்குச் சேர்பவர்களுக்கு அதன் வரலாற்று நூலைத் தருவார்கள். முதல் உலகப் போருக்கு அதில் ஓர் அத்தியாயம். இரண்டாவதற்கு ஒன்றரைப் பக்கம். தொழிற்சாலைகள் குண்டுவீச்சில் அழிந்ததைச் சொன்ன அந்தப் பக்கங்கள், அங்கே யாரைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கினார்கள் என்பதைச் சொல்லவில்லை. அதைக் கவனித்தேன். கவனித்தும், இவ்வளவுக்குப் பின் எழுந்து நின்ற நிறுவனம் இனி விழாது என்றே எண்ணினேன். ஊரில் நான் பொறியியலாளனாக இருந்த உபமின்நிலையத்தின் பெரிய மின்மாற்றியிலும் இதே பெயர்தான் இருந்தது. அது பழுதுபட்டு நான் கண்டதில்லை.

அனுமதி கிடைத்த அன்றே தொலைபேசியில் சொன்னேன்.

“வருசம் திரும்பி அம்மாவின்ர ஆட்டைத் திவசம் முடியாமல் எப்பிடி வெளிக்கிடுறது?” என்றாள் மனைவி. “ஒரே பிள்ளை நான். பங்குனி கழிய வாறன்.”

“ஆறுதலா வாரும். கொம்பனி ஓடிப்போகாது.”

மார்கழியில், கிளையை மூடப்போகிறார்கள் என்று வதந்தி பரவியது. மின்பலகைகளைப் பொருத்தும் மேசையில் எனக்கு எதிரே நின்றவர் ஃப்ரிபூர்க்கிலிருந்து வந்துபோகும் யாழ்ப்பாணத்து இளைஞர்.

“அண்ணை, ரெண்டு உலக யுத்தம் பாத்த கொம்பனி. அக்கா வருமட்டும் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்காதோ?”

“நிக்கும்.”

“நிக்காட்டி, திவசத்துக்கு முன்னம் கொம்பனிக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யவேண்டியதுதான்.”

இருவரும் சிரித்தோம்.

ஜெர்மனியில் தலைமையகம் கடனில் மூழ்கியிருந்தது. தை மாதத்தில் மேலாளர் எங்களைக் கூட்டி, நின்றபடியே அறிவிப்பை வாசித்தார். எனக்குக் கிடைத்த அடுத்த வேலை டாவோஸில், ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவுவது. அதன் பேரில் மனைவியை அழைக்க முடியாது என்றார்கள்.

பங்குனியில் அவள் தாயின் திவசத்தை முறைப்படி செய்து முடித்தாள். அடுத்த ஆண்டு சண்டை மூண்டபோது அவளுக்கு ஆஸ்துமா கடுமையாயிற்று. அயலவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போன வீதி மூடியிருந்தது. செய்தி எனக்குக் கார்த்திகையில்தான் வந்தது.

இன்னும் செய்யாதவை:
அவளுக்கு வாங்கிய குளிர்மேலங்கியை யாருக்காவது கொடுப்பது.
இரண்டாவது கட்டிலைக் கழற்றுவது.
அன்று அவளைத் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு எழுதுவது.
எந்த இடத்திலிருந்து திரும்பினார்கள் என்று கேட்பது.