வற்றாத தண்ணீர்

எங்கள் பக்கத்து ஆறுகளுக்கு ஆறு என்று பெயர் வைத்தவர் பெரிய நம்பிக்கைக்காரராக இருந்திருக்க வேண்டும். கடலாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் குண்டாறு என்றால் மணல். அதில் மாட்டுவண்டி போகும், வெள்ளரி காய்க்கும், பஞ்சாயத்துக் கூடும். ஐப்பசியில் நாலு நாள் தண்ணீர் வந்துவிட்டால் ஊரே கரையில் நின்று, கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவுக்காரரைப் பார்ப்பதுபோல், இவர் யார் என்று தெரியாமல் பார்க்கும்.

அந்த ஊரில் நான் பூகோள வாத்தியார். எட்டாம் வகுப்புக்கு மழைக்காட்டு ஆறுகள் என்று ஒரு பாடம். வருசம் முழுக்க மழை, வானத்தை மறைக்கும் மரம், அக்கரை மங்கலாகத் தெரியும் ஆறு. கடலை விட்டால் நான் பார்த்திருந்த பெரிய தண்ணீர் எங்கள் ஊர்க் கண்மாய்தான். இருந்தாலும் பாடத்தைக் கூசாமல் நடத்தினேன். "தெனம் மழை பேஞ்சா தொவைச்ச துணி எப்பிடி சார் காயும்?" என்று ஒரு பயல் எழுந்தான். புத்தகத்தில் அது இல்லை. உட்காரச் சொன்னேன். வாத்தியார்களுக்கு ஆண்டவன் கொடுத்த ஒரே ஆயுதம் அது.

எனக்கு அந்தப் பாடத்தை நடத்தியவர் என் அக்காவின் புருசன். சிங்கப்பூருக்குப் போய், அங்கிருந்து போர்னியோத் தீவில் ஒரு மரக் கம்பெனிக்குப் போனவர். ஒரே ஒரு தடவை லீவில் வந்தார். புத்தகத்தில் இரண்டு பக்கமாக இருந்த ஆறு, அத்தான் வாயில் கடலாகப் பெருகியது.

"அங்கன ரோடே கெடையாது மாப்ள. ஆறுதான் ரோடு, ஆறுதான் சந்தை. கடல் ஏறுச்சுன்னா ஆறு பின்னுக்குப் போகும்."

"ஆறு பின்னுக்கா? அளக்காதீக அத்தான்."

"நம்ம ஆறு முன்னுக்கே போறதில்ல, ஒனக்கு எப்பிடி நம்பிக்கை வரும்? இன்னுங் கேளு. ஒரு ஊருன்னா ஒரே வீடு. ரயில் வண்டி மாதிரி நீளமா, தூணு மேல நிக்கும். குடும்பத்துக்கு ஒரு கதவு."

"சண்டை வந்தா?"

"அதுவும் நீளமாத்தான் வரும்."

அந்த நாட்டுக்கும் ராஜா இருந்தாராம், வெள்ளைக்காரர், பரம்பரையாக. பெரிய யுத்தம் முடிந்ததும், இனி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று நாட்டைச் சீமை சர்க்காரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாராம். சமஸ்தானம் போன துக்கத்திலிருந்த எங்கள் பெரியப்பாவுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அத்தான் பேசும்போது அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி அவர்கள் சேர்ந்திருந்த நாளையெல்லாம் கூட்டினால், ஒரு கண்மாய் நிரம்பி வற்றுகிற காலம்கூட வராது.

அடுத்த மார்கழியில், ஏர்வாடிக்காரர் ஒருவர் நாகப்பட்டினத்தில் கப்பலிறங்கி நேரே எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தான் இருந்த ஆற்றங்கரையில் கடை வைத்திருந்தவர். உட்காரவில்லை.

"வெட்டுன மரத்தையெல்லாம் சேத்துக் கட்டித் தெப்பமா ஆத்துல விடுவாங்க. கட்டு அறுந்துபோச்சு. மரத்துக்கு ஊடால உள்ள போனவரு மேல வரல. படகு கட்டிக்கிட்டு கடல் வாய் வரைக்கும் தேடுனோம். அல்லா மேல ஆணையா நானும் தேடுனேன்."

உடம்பு இல்லை. பெரியப்பா இரண்டு நாள் கழித்துப் பேச்சை எடுத்தார்: "வைக்கோல்ல உரு செஞ்சு எரிச்சுட்டுக் காரியத்தை முடிச்சிருவோம் தாயி."

அக்கா சத்தமில்லாமல் சொன்னாள்: "வைக்கோலை எதுக்கு எரிக்கிறீக, மாடு திங்கட்டும். ஆத்துலதான விழுந்தாக? ஆறு வத்தட்டும். சித்திரையில அங்கன உள்ளவகளைப் பாக்கச் சொல்லுங்க. பாத்துட்டுச் சொல்லட்டும், தாலியைக் கழட்டுறேன்."

யாரும் திடுக்கிடவில்லை. இதைப் புரிந்துகொள்ள எங்கள் கண்மாயைத் தெரிந்திருக்க வேண்டும். அதில் எது விழுந்தாலும் நாங்கள் தேடுவதில்லை. காத்திருப்போம். "கண்மாய் வாங்கி வச்சிருக்கு, கோடையில குடுக்கும்" என்பார்கள். மூக்குத்தி, செம்பு, மாட்டு மணி எல்லாம் சித்திரையில் சேற்றிலிருந்து வெளியே வரும். கண்டெடுத்தவர் தெருத்தெருவாக யாருடையது என்று கேட்டுக் கொடுத்துவிட வேண்டும். வைத்துக்கொண்டால் குலம் விளங்காது. மனிதர்களும் கிடைத்திருக்கிறார்கள். அதை விரிக்க வேண்டாம்.

"புள்ள சொல்றது சரித்தான்" என்றார் பெரியப்பா. கூடியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். துக்கம் கேட்க மறுபடி வந்திருந்த ஏர்வாடிக்காரர் மட்டும் என்னைப் பார்த்தார். பஸ் ஏற்றிவிடப் போனபோது கேட்டேன்.

"பாய், அந்த ஆறு வத்தாதுன்னு நீங்க சொல்லியிருக்கலாமே?"

"அவரு மவுத்தாப் போன சேதிய நான் சொல்லிட்டேன் வாத்தியாரே. இது ரெண்டாவது மவுத்து. கூடப் பொறந்தவகதான் சொல்லணும்."

தை போனது, மாசி போனது. அக்கா பூ வைத்துக்கொண்டாள், குங்குமம் வைத்துக்கொண்டாள். தண்ணீருக்குப் போய் வரும்போதெல்லாம் கண்மாயின் நிலவரத்தைச் சொன்னாள்.

"மடை வாய் தெரியுதுடா தம்பி. அங்கன எம்புட்டு எறங்கியிருக்கும்?"

"தெரியலக்கா."

"பூகோள வாத்தியாருக்குத் தெரியலையாம்ல. பயலுக பாவம்."

பங்குனியில் ஒரு மத்தியானம், பள்ளிக்கூடத்து வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனேன். எதற்கு எடுத்துப்போனேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆயுதமில்லாமல் போகப் பயமாக இருந்திருக்கும். அக்கா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த ஆறு வத்தாது."

"ஏன், அங்கன கோடை வராதா?"

"வராது."

"சித்திரை?"

"சித்திரை வரும். மழையோட வரும்."

அவள் சிரித்துவிட்டாள். "மழையே நிக்கலைன்னா துணிய எங்குட்டுக் காயப்போடுவாக? ஒங்க அத்தான் ஈர வேட்டியவா கட்டிக்கிட்டு அலைஞ்சாக?"

எட்டாம் வகுப்புக் கேள்வி. உட்காரச் சொல்லவும் வழியில்லை. அவள் உட்கார்ந்துதான் இருந்தாள். நான் வரைபடத்தை ஒரு கக்கத்திலிருந்து மறு கக்கத்துக்கு மாற்றியதைப் பார்த்த பிறகு அவள் கை புளியில் அப்படியே நின்றது.

"அம்புட்டுத் தண்ணியும் எங்க போகுது?"

"கடலுக்கு."

"அப்புறம்?"

"ஆவியாகி, மேகமாகி, மறுபடி மழையாப் பெய்யும்."

"எங்கன?"

"அங்கனதான் நெறைய."

"இங்கன?"

"இங்கன கொஞ்சம்."

"இங்கன எப்பவும் கொஞ்சந்தான்" என்றாள். பிறகு புளியை மூடிவைத்துவிட்டு உள்ளே போனாள். வரைபடத்தை நான் விரிக்கவே இல்லை.

அந்த வாரமே காரியம் நடந்தது. கண்மாயில் மிச்சமிருந்த தண்ணீரில் முழுக்காட்டி, பெண்கள் தாலியைக் கழற்றினார்கள். கயிற்றைத்தான் தண்ணீரில் விடுவது வழக்கம், பொன்னை எடுத்துவைப்பார்கள். அக்கா பொன்னையும் சேர்த்து விட்டாள். "பொன்னையா போடுவாக கிறுக்கி?" என்று அத்தைமார்கள் சத்தம் போட்டார்கள். அவள் கரையேறிவிட்டாள்.

அடுத்த மாசம், சித்திரையில், கண்மாய் அடியோடு வற்றியது. ஊரே இறங்கிச் சேற்றில் மீன் பிடித்தது. சாயங்காலம் கீழத்தெருக்காரி ஒருத்தி, முழங்கால் வரை சேறோடு, உள்ளங்கையில் எதையோ ஏந்திக்கொண்டு தெருவின் முதல் வீட்டிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள். யாருடையது என்று அவளுக்கும் தெரியும், எல்லா வீட்டுக்கும் தெரியும். ஆனாலும் முறை முறைதானே. எல்லோரும் "எங்களுது இல்ல" என்றார்கள். எங்கள் வாசலுக்கு வந்ததும் அவளால் கேட்க முடியவில்லை. கையை மட்டும் நீட்டினாள்.

அக்கா அதைச் செம்பில் கழுவினாள். அழவில்லை. என்னிடம்தான் சொன்னாள்: "வத்துற தண்ணியில போட்டது என் கோட்டித்தனம்டா தம்பி. நாளைக்குக் கடலுக்குக் கூட்டிட்டுப் போ."

குண்டாறு கடலில் சேர்கிற மூக்கையூருக்குப் போனோம். சேர்கிறது என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நாங்கள் போனபோது மணல் முடிந்த இடத்தில் கடல் இருந்தது, அவ்வளவுதான். கழுத்தில் சிலுவையோடு ஒரு பரதவப் பெண் கரையில் மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அவளிடம் கேட்டாள்:

"ஏத்தா, இது எந்தக் கோடைக்காவது வத்துமா?"

அந்த அம்மா ஏற இறங்கப் பார்த்தாள். அக்காவின் வெறும் நெற்றியைப் பார்த்தாள். கேலி செய்ய வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள்.

"வத்தாது தாயி. எங்க வீட்டு ஆம்பளைக ரெண்டு பேரு உள்ளதான் இருக்காக."

அக்கா இடுப்பளவு தண்ணீருக்குள் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்க்க வெகுநேரம் பிடித்தது. திரும்பி வந்து அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் மீனைத் திருப்பிப் போட்டுக்கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அனல். அவள் சேலை சாயல்குடி வருவதற்குள் காய்ந்து, உப்புப் பூத்து, மொடமொடவென்று நின்றது. அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தம்பி, அங்கன இப்ப மழை பெய்யுமா?"

"பெய்யும்க்கா."

"அம்புட்டும் நனைஞ்சு கெடக்கும்" என்றாள், கொடியில் போட்ட துணியை எடுக்க மறந்துவிட்டு வந்தவள் மாதிரி.