ஜெபத் துண்டில் எழுதிய நெஞ்செரிவு

எனக்கு எழுத்து அவ்வளவு வராது. ஆனாலும் கர்த்தர் செய்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஆட்டோ ஓட்டுகிறேன். போன வருடம் என் எடை நூற்று நாற்பது கிலோ. வயிறு ஹேண்டிலில் முட்டும். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, கூடி வலது கால் மரத்துப்போனது. எடை குறைக்க ஒப்பரேஷன் செய்யாவிட்டால் காலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்றார் டொக்டர். வீட்டில் மூன்று பெண் பிள்ளைகள். உடைந்துபோனேன்.

கிளினிக்கில் தாதி ஒருவர் படிவம் நிரப்பினார். "நெஞ்செரிவு இருக்கோ?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். பொய். படுத்தால் புளித்த தண்ணீர் தொண்டைவரை வரும். சொன்னால் ஒப்பரேஷனை நிறுத்திவிடுவார்கள் என்று பயம்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். தேவையைத் துண்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். பெயர் போடுவதில்லை. நான் எழுதினேன்: "செவ்வாய்க்கிழமை எடை குறைக்கிற ஒப்பரேஷன். அதற்குள் நெஞ்செரிவு போகவேண்டும். டொக்டருக்குத் தெரியாது."

பாஸ்டர் வாசித்தார். எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான்தான்.

ஜெபம் முடிந்ததும் ஒரு பெண் நேரே என்னிடம் வந்தார். அதே தாதி! வெள்ளவத்தைக்காரர். அன்றுதான் முதல்முறை எங்கள் சபைக்கு வந்திருக்கிறார்.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை அந்த ஒப்பரேஷன் உங்களுக்கு மட்டும்தான். அந்தத் துண்டு உங்கடதானே?"

"ஓம்."

"ஆண்டவருக்கு எழுதிக் குடுக்கிறீங்கள். எனக்கு மட்டும் இல்லையெண்டு சொல்லுறீங்கள்."

பக்கத்தில் என் மனைவி. "நல்லாக் கேளுங்கோ மிஸ். இந்த மனிசன் என்னட்டயும் வாய் திறக்காது."

"நாளைக்கே வந்து டொக்டரிட்டச் சொல்லுங்கோ அண்ணே."

சனிக்கிழமை போய்ச் சொன்னேன். டொக்டர் ஏசினார். பிறகு வாய்வழியாகக் கமரா விட்டுப் பார்த்தார். உணவுக்குழாய் முழுக்கப் புண்.

"உங்களுக்கு இரைப்பையை ஒடுக்கிற ஒப்பரேஷன்தான் எழுதியிருந்தனான். அதைச் செய்திருந்தா இந்த எரிவு இன்னும் மோசமாகியிருக்கும்."

ஒப்பரேஷனை அவர் நிறுத்தவில்லை! இரைப்பையைக் குடலோடு இணைக்கிற வேறு முறைக்கு மாற்றினார். ஒரு மாதம் மருந்து. பிறகு ஒப்பரேஷன்.

எட்டு மாதமாகிறது. நாற்பத்தைந்து கிலோ குறைந்துவிட்டது! நெஞ்செரிவு இல்லை! வலது காலில் செருப்பு உரசினால் வலிக்கிறது. அந்த வலிக்கும் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

எரிவை எடுக்கச் சொல்லிக் கேட்டேன். கர்த்தர் முதலில் என் பொய்யை எடுத்தார். இப்போது மனைவியிடமும் வாய் திறந்து பேசுகிறேன்.

நீங்களும் அவரிடம் கேளுங்கள். டொக்டரிடமும் மறைக்காதீர்கள். வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு வர வாகனம் இல்லையென்றால் என்னிடம் சொல்லுங்கள். இப்போது என் ஆட்டோவில் நிறைய இடம் இருக்கிறது!