சனிக்கிழமை எண்ணெய்

அந்தக் காலத்தில் தொண்டியில் கார் ஓட்டுகிறவன் என்றால் இன்னாசி ஒருவன்தான். மலேயாவில் கடை வைத்திருந்த ஹமீது சுல்தான், தன் பழைய கறுப்புக் காரை அவன் பொறுப்பில் விட்டுவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார். மீன்பிடிக்கக் கடலுக்குப் போன தகப்பன் திரும்பி வராததால் இன்னாசி வலையைத் தொடவில்லை. காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தான்.

என் டீக்கடை அவன் வீட்டுக்கு நேர் எதிரே. அந்தச் சனியன் பிடித்த கார் காலையில் கிளம்பாமல் அடித்த கூத்தையெல்லாம் பார்த்தவன் நான். ஒருநாள் பெட்ரோலில் தண்ணீர் இருக்கும். இன்னொரு நாள் பேட்டரி செத்துக் கிடக்கும். மழை பெய்தால் பிளக் நனைந்துவிடும். போதாக்குறைக்கு உப்புக்காற்று வேறு. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து, உள்ளே இருக்கிற பாயிண்டை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே, "இங்கனதான் பாய் தீப்பொறி பிறக்குது. இதைத்தான் உப்பு திங்குது" என்பான்.

"ஏலே, இதைக் கட்டி அழுறதுக்கு நாலு கழுதை மேய்க்கலாம்லே" என்பேன். சிரிப்பான்.

அவன் மனைவி ஜோதிமேரியும் மீன்பிடிக்கும் குடும்பத்துப் பெண்தான். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடலுக்குப் போவதில்லை. அதனால் சனிக்கிழமை சாயங்காலமே நங்கூரம், அரிவாள், கதவுக் கீல் என்று இரும்பு ஒன்றையும் விடாமல் பெண்கள் சுறா எண்ணெய் பூசிவிடுவார்கள். துரு அண்டாது. ஆனால் தெருவே நாறும்.

பல வருஷம் ஏங்கித் தவித்து ஜோதிமேரி உண்டாகியிருந்தாள். நிறைமாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயிலிலிருந்து வந்ததும் வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி யாகப்பம்மாள் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"பிள்ள குறுக்க கெடக்குப்பா! இது என் கையில இல்ல. ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிரு!"

பஸ் அப்போதுதான் போயிருந்தது. அதனாலென்ன, வாசலில் கார் நிற்கிறதே என்று நினைத்தோம்.

இன்னாசி ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினான். கார் அசையவில்லை. நான்கு பேர் சேர்ந்து மணலில் தள்ளினோம். ம்ஹூம். பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினான், பெட்ரோல் ஒழுங்காக வந்தது. ஹாரனை அழுத்தினான், கத்தியது. பேட்டரியிலும் பழுதில்லை. பிளக்குகளைக் கழற்றித் துடைத்து மாட்டினான். அப்போதும் கிளம்பவில்லை. உள்ளே ஜோதிமேரி அலறிக்கொண்டிருந்தாள்.

"பாயிண்டைப் பாருலே!"

"அதை நேத்து மத்தியானந்தான் தேச்சேன் பாய். அதுல ஒண்ணும் இருக்காது."

மறுபடியும் பெட்ரோல், மறுபடியும் பிளக். எல்லாம் பார்த்து ஓய்ந்து, வேறு வழியில்லாமல் கடைசியில்தான் அந்த மூடியைத் திறந்தான். குப்பென்று சுறா எண்ணெய் வாடை அடித்தது. பாயிண்டிலும் சுற்றிலும் எண்ணெய் மினுங்கியது, ஒரு மூலை விடாமல். தீப்பொறி எங்கேயிருந்து வரும்?

"எந்த மூதேவிடா இதுல..." என்று நான் வாயெடுத்தேன். அவன் என் வாயைப் பொத்திவிட்டான். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது. பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. அதற்குள் உச்சி வெயில் வந்துவிட்டது.

நான் முன்சீட்டில் இருந்தேன். பின்னால் யாகப்பம்மாள் மடியில் கிடந்த ஜோதிமேரி முனகினாள். "இம்புட்டு நேரம் காருக்கு என்னங்க செஞ்சுச்சு?"

"பேட்டரி."

"நேத்து மூடியத் தொறந்து எண்ணெகூடப் பூசிவிட்டேனே. உப்பு திங்குதுன்னு தினம் சொல்லுவீகளே..."

"அதான் ஜோதி அது நல்லா இருந்துச்சு. பேட்டரிதான் கெடுத்துருச்சு."

ஆஸ்பத்திரியில் தாயை மட்டும்தான் பிழைக்க வைக்க முடிந்தது. ஆண் பிள்ளை. கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது இன்னாசி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பிள்ளையே இல்லை.

உடம்பு தேறி எழுந்ததும் ஜோதிமேரி அந்த வேலையை விடாமல் செய்தாள். சனிக்கிழமை சாயங்காலம் கீலுக்கும் அரிவாளுக்கும் பூசிவிட்டு, கார் மூடியையும் திறந்து பூசுவாள். அவள் தண்ணீருக்குப் போகிற நேரம் பார்த்து, இன்னாசி பெட்ரோல் துணியோடு வந்து துடைப்பான். வருஷக்கணக்காக இதே கதை.

"பூசாதன்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேம்லே!" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

அவன் துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஏன்னு கேப்பாளே, பாய்."