பேரணாம்பட்டில் திரும்பி நின்ற சிங்கம்

போன ஜூலை கடைசி வியாழக்கிழமை காலை 6.20க்கு வேலூரில் ஆம்பூர் பஸ் ஏறினேன். ஊர் சுற்ற அல்ல, ஒரு சிங்கத்தைத் தடுத்து நிறுத்த. காலணி ஏற்றுமதிக்கு ஆர்டர் பிடித்துத் தருவது என் தொழில். இங்கிலாந்துக் குடும்பம் ஒன்று தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்காக, குலச்சின்னமான சிங்கத்தை வெளிப்பக்கத்தில் அச்சிட்ட அறுபது ஜோடி தோல் செருப்பு கேட்டிருந்தது. முந்தின நாள் வந்த போட்டோவில் இடது செருப்பின் சிங்கம் இடப்பக்கம் பார்த்தது, வலது செருப்பின் சிங்கம் வலப்பக்கம். சின்னமே தப்பாகிவிட்டது என்று பயந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை மாலை பெட்டி கிளம்பியாக வேண்டும்.

பயத்துக்குக் காரணம் குலச்சின்னங்களைப் பற்றிய என் அரைகுறைப் படிப்பு. இங்கிலாந்திலும் கட்டியக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். போட்டி மைதானத்தில் முகம் மூடி வரும் வீரர் யாரென்று கேடயத்துப் படத்தை வைத்து அறிவிப்பது அவர்கள் வேலை. நம் கூத்துக் கட்டியக்காரனின் நக்கல் மட்டும் கிடையாது. பிறகு எந்தப் படம் யாருக்கு உரியது என்று ஏடு எழுதினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் அரசர் ஆணையோடு மாவட்டம் மாவட்டமாகப் போய், உரிமையில்லாத சின்னங்களை அழித்தார்கள். கேடயத்துச் சிங்கம் பொதுவாகப் பார்ப்பவரின் இடப்பக்கம் திரும்பியிருக்கும். அதை நம்பித்தான் ‘இரண்டு செருப்பிலும் இடப்பக்கம்’ என்று ஆர்டர் தாளில் எழுதியிருந்தேன்.

7.35க்கு ஆம்பூர், 45 ரூபாய். அங்கிருந்து பேரணாம்பட்டு 18 கி.மீ., 20 ரூபாய், முக்கால் மணி நேரம். ஜன்னலோர சீட் கிடைத்தும் மலையைப் பார்க்கத் தோன்றவில்லை. பஸ்ஸிலிருந்தே பேரணாம்பட்டுச் செருப்புத் தொழிற்சாலை முதலாளிக்குப் போன் போட்டு, அச்சுப் பிரிவு சொதப்பிவிட்டது என்று புகார் வேறு சொன்னேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் அச்சுப் பிரிவு சூப்பர்வைசர் செல்வி எல்லார் எதிரிலும் திட்டு வாங்கி முடித்திருந்தார். என் வயதுதான் இருக்கும். வலது செருப்பை நீட்டி, காலில் போடச் சொன்னார்.

“நடங்க சார். சிங்கம் எங்க போவுது?”

என் கால்விரல் பக்கம், என்னோடு முன்னால்தான் போனது.

“நீங்க எழுதின மாதிரி அடிச்சிருந்தா இந்தக் கால்ல மட்டும் குதிகால் பக்கம் ஓடும். ஜோடின்னா ரெண்டும் முன்னாடிதான சார் போவணும்? கேக்கலாம்னு ரெண்டு தரம் போன் பண்ணேன். நீங்க எடுக்கல.”

எடுக்கவில்லைதான். இருந்தாலும் பயம் விடவில்லை. விஷயத்தை எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு, அங்கே பொழுது விடியக் காத்திருந்தேன். கேன்டீனில் வாங்கிய சோற்றைப் பாதியில் வைத்துவிட்டேன். 1.20க்குப் பதில் வந்தது. கொடியின் மறுபக்கத்திலும் சிங்கம் இப்படித்தான் திரும்பும், கம்பத்தைப் பார்த்தே நிற்கும், அதுதான் முறை, புறமுதுகு காட்டியிருந்தால்தான் எங்களுக்கு அவமானம் என்று எழுதியிருந்தார் கல்யாணப் பெண்ணின் அப்பா. அப்பாடா என்று இரண்டாவது தட்டு சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

பிறகு செல்வியையும் கூட்டிக்கொண்டு முதலாளியிடம் போய், தப்பு என் தாளில்தான் என்று சொன்னேன். முதலாளி சிரித்தார். செல்வி சிரிக்கவில்லை.

தொழிற்சாலை பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள், உள்ளே படம் எடுக்காதீர்கள். குறை சொல்லப் போகிறவர்கள் நேரில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பதினெட்டு கிலோமீட்டர் நான் வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் போதும், சரியாக வேலை செய்த ஒருவர் அன்று காலை தலைகுனிந்து நின்றிருக்க மாட்டார்.