இடது பக்கத்துப் பிரேக்

இது நடந்தது. பெயரை மாற்றவில்லை, தேதியை மாற்றவில்லை. முனீஸ்வரி இன்றைக்கும் பழங்காநத்தத்தில்தான் இருக்கிறாள். போய்க் கேட்டால் உட்கார வைத்து முழுசாகச் சொல்வாள். ஆனால் கேட்டு முடித்துவிட்டு, எல்லாம் மனப்பிராந்தி என்று யாராவது இழுத்தால், பேசாமல் எழுந்து தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. ஒரு நர்சரிப் பள்ளிக்கு வேன் ஓட்டுகிறாள். ஏழு வருடமாக அந்த வேனின் முள் நாற்பதைத் தாண்டியதில்லை. பிள்ளைகள் இருக்கிற வண்டி, தாண்டவும் கூடாது. ஆனாலும் அவளுக்குள் ஓர் ஆசை கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. முன்னால் மாடும் ஷேர் ஆட்டோவும் இல்லாத ஓர் இடத்தில், ஒரே ஒரு தடவையாவது காரை விரட்டிப் பார்த்துவிட வேண்டும்.

அதற்கு மதுரையிலேயே வழி இருந்தது. செல்வக்குமார் என்று ஒருவர் சின்னதாக ஒரு கார் கிளப் நடத்துகிறார். அழகர்கோவில் போகிற வழியில் தண்ணீர் வற்றிய ஒரு கண்மாய்க்குள் வரிசையாகக் கோன் வைத்து மண்ணில் பந்தயம் விடுவார்கள். பெரிய பணக்காரர்கள் யாரும் அங்கே வருவதில்லை. ஒருவர் பின் ஒருவராக ஓட்ட வேண்டும், கையில் ஸ்டாப் வாட்ச், அம்புட்டுத்தான். புதியவர்களுக்கு என்று ஒரு பிரிவு உண்டு. மே 18இல் முதல் சுற்று, 25இல் கடைசிச் சுற்று. அதில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய், நிஜமான தார்த் தடத்தில் ஓட்டவிடுவார்கள். புதியவர் பிரிவில் ஒரு தடவைதான் கலந்துகொள்ள முடியும். முனீஸ்வரிக்கோ மே மாத விடுமுறையை விட்டால் ஒரு ஞாயிறுகூடச் சொந்தமில்லை. விட்டால் விட்டதுதான்.

"ஹெல்மெட் மட்டும் புதுசா வாங்கிருங்க. மத்தது பூராம் பழசே போதும்" என்றார் செல்வக்குமார்.

பழசைத் தேடிப் பிடித்தது மெக்கானிக் ஆண்டிச்சாமி. பள்ளி வேனை ஏழு வருடமாகப் பார்க்கிறவர், முனீஸ்வரிக்கு அண்ணன் மாதிரி. அவர் கொண்டுவந்தது ஒரு வெள்ளை மாருதி 800. டிரைவிங் ஸ்கூலில் ஓடிய வண்டி. பானெட்டில் சிவப்பு எல் எழுத்தைச் சுரண்டிய தடம் அப்படியே தெரிந்தது. முனீஸ்வரி முகத்தைச் சுளித்தாள். ஆண்டிச்சாமி விடவில்லை. கற்றுக்கொள்கிறவர்கள் ஓட்டிய வண்டி செகண்ட் கியரைத் தாண்டியிருக்காது, கிளட்ச் போயிருக்கும், எஞ்சின் புதுப்பெண் மாதிரி இருக்கும் என்றார். அவர் கணக்கு சரிதான். கிளட்ச் மாற்றியதும் வண்டி குதித்தது.

இடது பக்கத்தில், ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர் உட்காரும் இடத்தில், இன்னொரு பிரேக்கும் கிளட்சும் இருந்தன. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

மே 4, ஞாயிறு. பயிற்சிக்குப் போனது உச்சி வெயிலில். காலையில் கண்மாய்க்குள் மாடு மேயும், சாயங்காலம் கிரிக்கெட். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைக்கும்தான் காக்காய்கூட இருக்காது. ஆண்டிச்சாமி கரைமேல் நின்று நேரத்தையெல்லாம் ஓர் அட்டையில் எழுதினார்.

தடத்தின் கடைசியில், எட்டுப் போடுகிற மாதிரி கோன் வைத்திருந்தார்கள். அதற்குள் நுழைய வலது பக்கம் திரும்ப வேண்டும். முனீஸ்வரி திரும்பினாள். வண்டி நின்றுவிட்டது. அவள் பிரேக்கைத் தொடவில்லை. புழுதி மட்டும் முன்னால் போனது.

அட்டையில் மணி 12.10.

பிரேக் ஜாம் ஆகியிருக்கும் என்றார் ஆண்டிச்சாமி. பிரித்துப் பார்த்தார். ஜாமும் இல்லை, கோளாறும் இல்லை.

மறுநாள் காலை அவள் காரில் ஏறியபோது முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது. முனீஸ்வரி நல்ல உயரம், பள்ளியில் அவளை ஒட்டடைக்குச்சி என்பார்கள். சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளித்தான் ஓட்டுவாள். இப்போது அது இரண்டு பல் முன்னால் நகர்ந்திருந்தது. கண்ணாடியும் கீழே சாய்ந்திருந்தது. சாவி இரவெல்லாம் அவள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது.

செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான்... புதன்கிழமையும்.

அந்த வாரமே, எடை குறையட்டும் என்று இடது பக்கத்துப் பெடல் இரண்டையும் சீட்டையும் கழற்றி வீசினார்கள். தரையில் இருந்த ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தார் ஆண்டிச்சாமி. இனி இடது பக்கம் வெறும் இரும்புத் தரை. இருவருக்கும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி. எடை என்று சொல்லிக்கொண்டார்களே தவிர, எதற்காகக் கழற்றினார்கள் என்று இருவருக்குமே தெரியும்.

மே 11. அதே இடம். அதே வலது திருப்பம்.

இந்தத் தடவை வண்டி தலைகுப்புற விழுகிற மாதிரி நின்றது. கரையிலிருந்து ஆண்டிச்சாமி இறங்கி வந்தார். திட்டத்தான் வந்தார். பக்கத்தில் வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"ரேஸ்ல எதுக்குத் தாயி இண்டிகேட்டர் போட்ட?"

"நான் போடலண்ணே."

டிக்... டிக்... டிக்... வலது இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருந்தது. அட்டையில் 12.10.

அன்றைக்கு அவர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். யாரோ ஒரு மாஸ்டர் இந்தக் காரில் செத்திருக்கிறார். பெடலைக் கழற்றினாலும் பிரேக் பிடிக்கும் பழக்கம் விடவில்லை. பாண்டி கோவிலுக்கு வண்டியைக் கொண்டுபோய், சுருட்டு வைத்து, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். முனீஸ்வரி வெறும் தரையைப் பார்த்து, "மாஸ்டர், எனக்கு நல்லா ஓட்டத் தெரியும். விட்டுருங்க" என்று வாய்விட்டே கேட்டுக்கொண்டாள். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பயத்தால் இல்லை. இந்த மே போய்விடுமே என்கிற வயிற்றெரிச்சல்.

மே 18. முதல் சுற்று. பதினாறு கார்கள். அவள் நம்பர் 14. காலையிலேயே ஓடி முடித்துவிடலாம் என்று இருந்தாள். ஒரு கார் மணல்குழியில் மாட்டி, இன்னொன்றுக்கு டயர் வெடித்து... அவள் முறை வந்தபோது மணி 12.09.

கொடி விழுந்தது.

முதல் வளைவு சுத்தம். இரண்டாவது வளைவு அதைவிடச் சுத்தம். மூன்றாவது கியர். வாழ்க்கையில் அவள் அவ்வளவு வேகமாகப் போனதே இல்லை. ஹெல்மெட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எட்டு வந்தது.

கடக்.

சீட் ஒரு பல் முன்னால் வந்தது.

கடக்.

இன்னொரு பல். முட்டி இடித்தது. அவள் கை சீட்டின் கம்பிக்குப் போகவே இல்லை.

டிக்... டிக்... டிக்...

அவள் பிரேக்கை மிதிக்கப் போனாள். பாதம் பெடலைத் தொடவில்லை. நடுவில் ஏதோ இருந்தது. மெத்தென்று. சில்லென்று. ஷூவைத் தாண்டித் தெரிந்தது.

விரல்கள்.

அவள் காலுக்கு அடியில்... இன்னொரு கால்.

வண்டி நின்றது.

எப்படிக் கிளப்பினாள், எப்படிக் கோட்டைத் தாண்டினாள் என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது. நேரம் 61.8 விநாடி. நாலாவது இடம். மூன்றாவது ஆளுக்கும் அவளுக்கும் நடுவில் அரை விநாடிகூட இல்லை. நிற்காமல் போயிருந்தால் முதலிடம். செல்வக்குமார் தோளைத் தட்டி, 25ஆம் தேதி பிடித்துவிடலாம் என்றார். அவள் வலது ஷூவைக் கழற்றி வெயிலில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை, காரை விற்ற புரோக்கரிடம் பழைய டிரைவிங் ஸ்கூல்காரரின் விலாசம் வாங்கினாள். வண்டியூரில், தெப்பக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்து. செத்தவரின் குடும்பத்தைப் பார்த்து, என்ன செய்தால் அவர் அடங்குவார் என்று கேட்கத்தான் போனாள். கதவைத் திறந்தவருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஊன்றுகோல் வைத்திருந்தார்.

"மாஸ்டர் வீடு..."

"நாந்தாம்மா மாஸ்டர். மொக்கைச்சாமி."

முனீஸ்வரி ஊன்றுகோலையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவரே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். வெள்ளை மாருதி என்று அவள் சொல்ல ஆரம்பித்ததும், கையைக் காட்டி நிறுத்தினார். சுவரில் தினசரிக் காலண்டர் மாட்டியிருந்தது. கிழித்த தாள்களில் மூன்றை மட்டும் ஆணியில் குத்தி வைத்திருந்தார். அதை எடுத்து அவள் கையில் கொடுத்தார். மே 4. மே 11. மே 18. மூன்றிலும் பேனாவால் ஒரே நேரம் எழுதியிருந்தது.

12.10.

அந்த மூன்று நாளும் அந்த நேரத்தில், நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, அவருடைய வலது கால் தானாகப் போய்த் தரையை மிதித்திருக்கிறது. பிரேக் மிதிக்கிற மாதிரி. எடுக்க முடியவில்லை. நேற்று மிதித்ததில் கணுக்கால் வீங்கியதால்தான் ஊன்றுகோல். நாற்காலிக்கு முன்னால் டைல்ஸ் விரிசல் விட்டிருந்தது.

பிறகு அவர் மெதுவாகச் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன்னால், தமிழ்வாணி என்று ஒரு பெண் இதே காரில் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். இருபது வயது, குள்ளம். மறுநாள் லைசென்ஸ் டெஸ்ட். அன்றைக்கு அழகாக எட்டுப் போட்டாள். மதியம் 12.10க்கு ரிங் ரோட்டில் திரும்பி வரும்போது, முறையாக இண்டிகேட்டர் போட்டு வலது பக்கம் திரும்பினாள். எதிரே வந்த லாரியை அவள் பார்க்கவில்லை. இவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். லாரி அவள் பக்கத்தில் மோதியது, அங்கேயே செத்துப்போனாள்.

"என் கால் பெடல் மேலதாம்மா இருந்துச்சு. அழுத்தல. எனக்கு ஒரு கீறல் இல்ல."

முனீஸ்வரி தண்ணீர் கேட்டுக் குடித்தாள். செத்தவர் இடது பக்கம் இருக்கிறார் என்று நினைத்துத்தானே வெறும் தரையைப் பார்த்துக் கும்பிட்டாள். இடது பக்கம் யாரும் இல்லை. இத்தனை நாளும் அந்தப் பெண் உட்கார்ந்திருந்த இடத்தில், அவள் மேலேயே, தான் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறாள். நினைக்கும்போதே வலது பாதம் மரத்துப் போனது.

ஆனாலும் ஆசை யாரை விட்டது. கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டேவிட்டாள்.

"மாஸ்டர்... 25ஆம் தேதி ஒருநாள் மட்டும் அழுத்தாம இருக்க முடியுமா?"

அவர் குனிந்து வீங்கிய கணுக்காலைத் தடவினார்.

"ஒருநாள் அழுத்தாம இருந்தவன்தாம்மா நானு."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. தன் செல் நம்பரைக் கொடுத்து, அவர் நம்பரை வாங்கிக்கொண்டு வந்தாள். 25ஆம் தேதி கண்மாய்ப் பக்கமே போகவில்லை. அதற்கு முந்தின நாளே ஆண்டிச்சாமி காரைப் பழைய இரும்புக்குப் போட்டு, கண்முன்னால் அறுக்க வைத்துவிட்டு வந்தார். மாஸ்டருக்கும் அவள் போனில் சொல்லிவிட்டாள். கோயம்புத்தூருக்கு வேறு மூன்று பேர் போனார்கள். முனீஸ்வரி இரண்டு நாள் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு ஹெல்மெட்டைப் பரணில் போட்டாள்.

ஜூன் 2. பள்ளி திறந்த நாள். முதல் நடையில் பதினோரு பிள்ளைகள். எல்லாரையும் ஏற்றி, கடைசிப் பிள்ளைக்காக ஒரு வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கிப்போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து உட்கார வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினாள்.

முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது.

கண்ணாடி கீழே சாய்ந்திருந்தது. பின்னால் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். வலது பக்கம் திரும்பினால் பைபாஸ் ரோடு. அவள் இன்னும் சாவியைத் திருகவில்லை.

டிக்... டிக்... டிக்...

செல்போன் அடித்தது. மணி 7.52. வண்டியூர் மாஸ்டர். மூச்சு வாங்கியது. பின்னால் ஏதோ உடைகிற சத்தம் கேட்டது.

"அம்மா... வண்டியத்தான் அறுத்தாச்சுல்ல? என் காலு நிக்க மாட்டேங்குது. நீ இப்ப எதுல உக்காந்திருக்க?"